மலை திருப்பிச் சொன்ன பேச்சு

சுவிட்சர்லாந்து என்று ஒரு தேசம் உண்டு என்பது விருதுநகரில் எல்லாருக்கும் தெரியும். முடிவெட்டுகிற கடையில் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும், மளிகைக்கடைக் காலண்டரில் ஆணியில் தொங்கும், டூயட் பாட்டில் கதாநாயகி குளிரில் நடுங்கி நிற்கக் கதாநாயகன் கோட்டு போட்டுக்கொண்டு ஆடுவான். அதெல்லாம் நிஜத்தில் இருக்கிற இடம்தானா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு கோடையில் ஊர்ப் பெண்கள் இருபதுபேருக்கு மேல் டூர் கம்பெனியில் பெயர் கொடுத்துப் புறப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பருப்பு மில் வீட்டம்மா தங்கபுஷ்பமும் இருந்தாள். அவள் சொன்ன ஒரே ஒரு பேச்சை அங்கேயுள்ள மலை ஒன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தக் கதைதான் இது.

தங்கபுஷ்பம் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் மாதிரித்தான் வெளிக்குத் தெரிந்தாள். ஆனால் அவள் போனது கனகமணி அம்மாளுக்காக. கனகமணியின் பையனுக்குத்தான் தன் மகள் ஷர்மிளாவைப் பேசி முடிக்கிற கட்டத்தில் இருந்தாள். பெரிய இடம், பத்துப் பேர் வாசலில் நிற்கிற இடம், தட்டு மாற்றுகிற நாள் மட்டும்தான் பாக்கி. கனகமணி டூருக்குப் பெயர் கொடுத்தாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே இவளும் கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு, ஹோட்டலில் பக்கத்து ரூம், மதினி மதினி என்று வாய் ஓயாமல், அந்த அம்மாள் சால்வை நழுவினால் இவள் எடுத்துப் போர்த்துவது, இவள் தும்மினால் அந்த அம்மாள் தைலம் நீட்டுவது என்று ஒரே கொண்டாட்டம்.

இந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு பொய் உட்கார்ந்திருந்தது. தங்கபுஷ்பத்துக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன், பெயர் தவமணி. வாலிபத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கல்லாவில் உட்காரமாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறியவன், மெட்ராஸில் கல்யாணச் சமையல்காரர்களோடு அண்டா கழுவிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு தரம் தகவல் வந்தது. அதோடு வீட்டில் அவன் பேச்சு நின்றது. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை கரண்டி பிடித்தான் என்று வெளியே சொல்ல முடியுமா? யாராவது கேட்டால் கனடாவில் ஹோட்டல் வைத்திருக்கிறான் என்று சொல்லி வைத்தாள், சொல்லச் சொல்ல அந்த ஹோட்டலுக்கு மாடி கூடிக்கொண்டே போய்விட்டது. கனகமணியும் அந்தக் கனடா தாய்மாமனைக் கல்யாணத்துக்கு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூரிக் விமான நிலையத்து வாசலில் டூர் பஸ் நின்றது. பஸ்ஸின் வயிற்றைத் திறந்துவைத்து, அரிசிச் சிப்பத்தையும் புளிப் பானையையும் அடுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் நிமிர்ந்தார். தலை நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது, ஆனாலும் அதே மூக்கு, அதே எத்துப்பல், தவமணிதான். அவன் முகம் மலர்ந்து, வாய் அக்கா என்று சொல்லக் குவிந்தது. தங்கபுஷ்பம் சட்டென்று கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டு, எதையோ தேடுகிறமாதிரித் தேடித்தேடியே பஸ் ஏறிவிட்டாள். அவனுக்கு விவரம் புரிந்துவிட்டது, அதற்கப்புறம் அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் தங்கப் போன ஊர் மலைக்கு நடுவிலே கிண்ணத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஊர்ப்பெயரைச் சொல்லிப் பார்த்தால் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல இருமல் வரும், அதனால் நம்மவர்கள் அதை மணியூர் என்றே சொன்னார்கள், மாட்டுக் கழுத்திலெல்லாம் அத்தனை பெரிய மணி. சொன்ன நேரத்துக்கு ரயில் வரும், ஞாயிற்றுக்கிழமை ஊரே மூச்சுவிடாமல் இருக்கும், எதிரே வருகிற ஆள் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நின்று கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். ஊருக்கு எதிரே அந்த மலை. யார் கூப்பிட்டாலும் திருப்பிக் கூப்பிடும், சிறுசு பெருசு பார்க்காது.

அந்த மலையை வைத்து அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் மாட்டை மேலே மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவர் யோஸ்ட் என்று ஒரு தாடிக்காரர். பொழுது சாய்ந்ததும் அவர் பால் ஊற்றுகிற மரப்புனலை வாயில் வைத்துக்கொண்டு, மாதாவையும் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இங்கே உள்ள மனுசர் மாடு கன்று எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று ராகமாக வேண்டுவார், மலை அதை வாங்கி நாலு திக்கும் அனுப்பும். அந்தக் குரல் எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு உயிருக்கும் கெடுதி வராது என்பது அவர்கள் நம்பிக்கை. மாடுகளும் மலை சொல்லி முடித்த பிறகுதான் கொட்டிலுக்குத் திரும்பும்.

வந்த மறுநாள் மலையைப் பார்க்கக் கட்டியிருந்த மேடைக்குக் கூட்டிப்போனார்கள். பெண்களெல்லாம் ஆளுக்கொரு பெயர் கூப்பிட்டார்கள், புருசன் பெயரைச் சத்தம்போட்டுச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சிரித்தார்கள், மலையும் பால்ராஜ், செல்வராஜ் என்று ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுத்தது. தவமணி தேநீர்ப் பாத்திரத்தோடு பின்னால் நின்று காகித டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். கனகமணி அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

"ஏன் மதினி, சமையல்காரருக்கு உங்க சாடை அப்படியே இருக்கே, எதுவும் சொந்தமா?"

"அய்யய்ய, அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது!"

சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்கிற வாய் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடும், அது மேடையைத் தாண்டிப் பள்ளத்தாக்கைத் தாண்டி மலைக்குப் போய்விட்டது. எல்லாரும் மலை திருப்பிச் சொல்லும் என்று காத்திருந்தார்கள். மலை ஒன்றும் சொல்லவில்லை. தவமணி இவளிடம் வந்து, தலையை நிமிர்த்தாமல், ஒரு டம்ளர் தேநீரை நீட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் யோஸ்ட் புனலை எடுத்து மாதாவைக் கூப்பிட்டார். மலை கொஞ்சம் யோசித்துவிட்டு, சுத்தமான விருதுநகர்த் தமிழில், தங்கபுஷ்பத்தின் குரலில், அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது என்றது. யோஸ்ட் புனலைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதேதான். வேலியோரம் நின்ற மாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன.

மறுநாளிலிருந்து அந்த மலைக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. மாதா கோயில் மணி அடித்தால் அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது. ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நின்று தும்மினால் அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது. நம்ம ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, மலையடிவாரத்தில் கற்பூரம் எரிந்திருக்கும், பக்கத்திலேயே கரும்புச்சாறு கடையும் வந்திருக்கும். அவர்கள் அப்படியில்லை. மலை ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, இதை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்றுதான் பேசினார்கள். பெஞ்சு ஒன்று போடுவதென்றாலும் ஊரைக் கூட்டிக் கைதூக்கச் சொல்லுகிற மனுசர்கள் அவர்கள். கூட்டம் போட்டார்கள், ஆளாளுக்கு எழுந்து நிதானமாகப் பேசினார்கள், கைதூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மலை ஓய்வெடுக்க வேண்டும், ஆகையால் அன்றைக்கு யாரும் அதனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. நீளக் கொம்பு ஊதுகிறவர்கள் ஒரு அடி ஊதிவிட்டு, மலையில் தங்கபுஷ்பத்தின் குரல் பேசி முடிக்கிறவரை மரியாதையாக நின்று, பிறகு அடுத்த அடி ஊதினார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மலை பேசி முடித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போயின.

யோஸ்ட்டுக்குத்தான் கஷ்டம். வேண்டுதல் போய்ச் சேரவில்லை என்றால் மாட்டுக்கு யார் காவல்? அவர் ஒவ்வொரு மாட்டிடமும் போய், கழுத்தில் கைவைத்து, காதுக்குள்ளேயே முழு வேண்டுதலையும் சொல்லிச் சொல்லி ஓட்டிவந்தார், முடியாமல் போனபோது அக்கம்பக்கத்தார் முறைபோட்டுக்கொண்டு மேலேறி ஆளுக்கு நாலு மாட்டுக் காதில் சொன்னார்கள். யாரும் விருந்தாளிகளைக் குறை சொல்லவில்லை. தெருவில் தங்கபுஷ்பத்தைக் கண்டால் நின்று கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கூட வந்த பெண்களுக்குக் குரல் யாருடையது என்று தெரியாதா? முதல் நாளே தெரிந்துபோயிற்று. மலை வாய் திறந்தால் எல்லாரும் இவளைப் பார்ப்பார்கள், போனில் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். எந்த ஆள் அது என்று கேட்டவர்களிடம் யாரோ கடைக்காரன் என்றாள், இன்னொரு தரம் பஸ்ஸில் இடித்த வெள்ளைக்காரன் என்றாள். கனகமணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாள் மேடையில் பக்கத்திலேயே நின்றவள், யாரைச் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அவள் சமையல்காரரையே பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். தவமணியோ மலை பேசுகிற நேரத்திலெல்லாம் பின்கட்டில் தண்ணீர்க்குழாயைப் பெரிசாகத் திறந்துவிட்டுக்கொண்டான்.

அந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேலாளாக ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள், பவளராணி என்று பெயர், பாதி வயசை அந்த மலைக்கு எதிரிலேயே கழித்தவள். மலை என்ன சொல்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். மறுநாள் படுக்கை விரிக்க வந்தவள், தங்கபுஷ்பத்திடம் மெல்லச் சொன்னாள்.

"அது உங்கட குரல்தானே அக்கா. நான் அவையளிட்ட, அது எங்கட ஊர்ப் பெரிய வாழ்த்து, விருந்தாளியள் வந்த இடத்துக்குச் சொல்றது எண்டு சொல்லிப்போட்டன். எங்கட ஆக்களை எப்பிடி அக்கா விட்டுக்குடுக்கிறது?"

தங்கபுஷ்பம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண், தமிழ் பேசுகிறவள் என்கிற ஒரு காரணத்துக்காகத் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. தான் என்னவென்றால் ஒரே வயிற்றில் பிறந்தவனை ஒரு டம்ளர் தேநீர் ஆறுவதற்குள் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்போதே எழுந்து பின்கட்டுக்குப் போயிருக்கலாம். ஷர்மிளாவுக்கு எடுத்துவைத்த பட்டுப்புடவை கண்ணுக்குள் வந்தது, தட்டு மாற்றட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டூர்க் கம்பெனி சொல்லியிருந்த கலைநிகழ்ச்சி. பெரிய கூடத்தில் நீள மேசைகள் போட்டு, நடுவிலே சட்டியில் பாலாடைக்கட்டியை உருக்கிவைத்து, குச்சியில் ரொட்டியைக் குத்தி முக்கித் தின்னச் சொன்னார்கள். நம் பெண்களுக்கு அந்த வாசனையே ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தவமணி வாளியில் கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாதத்துக்குத் தட்டை நீட்டினார்கள். ஒருத்தர் கொடியை உயரத் தூக்கி எறிந்து பிடித்தார், கொம்பு ஊதினார்கள், கைதட்டினார்கள். அப்புறம் ஊர்ப் பாட்டுக் குழுவினர் பூவேலைச் சட்டை போட்டு, அவர்கள் வழக்கப்படி இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு வட்டமாக நின்றார்கள். யோஸ்ட்டும் அதில் ஒருத்தர். தலைவர் ஏதோ பேச, பவளராணி மேசையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். நீங்கள் எங்கள் மலைக்கு ஒரு வாழ்த்துத் தந்தீர்கள், எங்கள் பேச்சை விட அது மலைக்குப் பிடித்துப்போய்விட்டது, நாங்களும் அதைக் கற்றுக்கொண்டோம், வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் மாட்டுக்குப் பால் கறக்கும்போதும் பழகினோம், தப்பிருந்தால் மன்னிக்க வேண்டும் என்கிறார்கள் என்றாள்.

பாடினார்கள். அடிக்குரலில் ஆரம்பித்து அந்த ஆள், அந்த ஆள் என்று ஆண்கள் விரிக்க, யாருன்னே, யாருன்னே என்று பெண்கள் மேலே மேலே ஏறி, தொண்டையை உடைத்து உடைத்து ஒட்டவைக்கிற அவர்கள் பாணியில் எனக்குத் தெரியாது என்று கூரை வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கி, மறுபடியும் அந்த ஆள், மறுபடியும் யாருன்னே, மறுபடியும் எனக்குத் தெரியாது. அவர்கள் முகத்தில் அத்தனை பாசம். யோஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் மலை சமாதானமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

தவமணி கூடத்துக்கு நடுவில் வாளியும் கரண்டியுமாக மாட்டிக்கொண்டான். ஒருத்தர் பாடும்போது குறுக்கே நடப்பது மரியாதையில்லை என்று அப்படியே நின்றான். அத்தனை பேர் சேர்ந்து அவனை யாரென்று தெரியாது என்று பாடினார்கள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பாட்டு முடிகிறவரை நின்று கேட்டான்.

தங்கபுஷ்பத்தால் தாங்க முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"பாடாதீங்கய்யா. அது வாழ்த்து இல்ல, நான் சொன்ன பொய். இவன் என் தம்பி. என் கூடப் பொறந்தவன், தவமணி."

பாட்டுக் குழுவினர் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கனகமணி தட்டை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, இவளைப் பார்க்கவே இல்லை, நேராக அவனைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கேள்விக்குள் பத்திரிகை, மண்டபம், தட்டு மாற்றுகிற நாள் எல்லாம் நின்றன.

"அப்படியா தம்பி?"

தவமணி வாளியைக் கீழே வைத்தான். அக்காவைப் பார்த்தான், கனகமணியைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் பெண்கள் பேசிய கல்யாணப் பேச்செல்லாம் சாம்பாரும் ரசமும் ஊற்றிக்கொண்டே கேட்டவன்தானே, அக்கா எதைப் பறிகொடுக்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா? எத்துப்பல் தெரியச் சிரித்தான்.

"இல்லீங்கம்மா. நான் தென்காசிப் பக்கம். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கல போல இருக்கு. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

கனகமணி கெட்டிக்காரி. நம்பினாள் என்று சொல்ல முடியாது, நம்பிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தாள். குளிர் ஊரில் இப்படித்தான் மனசு குழம்பும், உட்காருங்க மதினி, வெந்நீர் குடிங்க என்றாள். மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்துகொண்டார்கள், ஒருத்தி சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். இப்போதும் தங்கபுஷ்பம் சொல்லியிருக்கலாம். பொய் சொல்கிறான், என் அப்பா பெயர்தான் அவன் அப்பா பெயர் என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தாள், வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைத்தார்கள், அதில் உட்கார்ந்தாள். முதல் தடவை வாய் தவறிவிட்டது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை தெரிந்தே உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் பிற்பாடு அவளை நாலுபேருக்கு நடுவில் தலைநிமிர விடாமல் செய்தது.

யோஸ்ட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பூவேலைச் சட்டையோடேயே மேய்ச்சல் மேட்டுக்கு ஏறினார். கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கூடத்தில் காப்பி பரிமாறிக்கொண்டிருக்கும்போது புனலின் குரல் கேட்டது. ஊர்க்காரர்கள் எல்லாரும் டம்ளரைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். மலை, யோஸ்ட்டின் குரலில், அவர் பாஷையில், மாதாவின் பெயரை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னது. நாலு திக்கும் சொன்னது. மாட்டு மணிகள் கொட்டிலை நோக்கி இறங்குகிற சத்தம் வந்ததும் பெரிய மனுசர்களெல்லாம் ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பவளராணி அவர்களுக்கு என்ன சொல்லி வைத்தாளோ, அந்த அம்மாள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதால்தான் மலை இறங்கிவந்தது என்று பேசிக்கொண்டார்கள், வரிசையில் வந்து, கண்ணைப் பார்த்து, அவள் கையைக் குலுக்கினார்கள், ஒரு பெரிய பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றிப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் எல்லாக் கையையும் குலுக்கினாள். மலை தன்னை மன்னிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மலை சுமந்துகொண்டிருந்த பேச்சை அதனிடமிருந்து தவமணி வாங்கி வைத்துக்கொண்டான், அவ்வளவுதான் நடந்தது.

காலையில் பஸ் புறப்படுகிற நேரம். பெண்கள் கடைசியாக ஒரு போட்டோ என்று முன்பக்கம் கூடியிருந்தார்கள், கனகமணி நடுவில் நின்றுகொண்டு, மதினி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் பஸ்ஸுக்குப் பின்பக்கம் போனாள். தவமணி அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள், கல்யாணத்துக்கு வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, வந்தால் எங்கே நிற்கவைப்பாள்? அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தவம், இங்க யாரும் இல்லடா. ஒரே ஒரு தடவ அக்கான்னு கூப்பிடு."

அவன் முன்பக்கம் எட்டிப் பார்த்தான், யாரும் வரவில்லை. எதிரே மலையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவள் கையைத் தன் சட்டையிலிருந்து பதமாக எடுத்துவிட்டு, மலைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"வண்டி கிளம்பப் போகுது. ஏறுங்க, மேடம்."